எங்கள் குடி மரைக்காரைத் தெரிவு செய்த கதை

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே என் மூத்த சகோதரர், காக்கா, வந்துவிட்டார். சைக்கிளின் பின் கரியரில் ஒரு தட்டம், அதற்கு மேல் வெள்ளைத் துணி. வாசல் கடப்படியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒழுங்கையை ஒரு தரம் நோட்டம் விட்டார். பிறகு நேரே குசினிக்குள் நுழைந்தார்.

"இஞ்ச புள்ள, இத உள்ளுக்கு வை. எல்லாம் முடிஞ்ச பொறகு எடுத்தாப் போதும்."

துணியைத் தூக்கிப் பார்த்தேன். தொதல். வாழையிலையில் எண்ணெய் மினுங்கியது, ஏலக்காய் வாசம் குசினி முழுக்கப் பரவியது. மதினி முதல் நாள் முழுக்க அடுப்படியில் நின்று அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கிண்டியிருப்பார்.

"என்ன காக்கா விசேஷம்?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"விசேஷம் ஒண்டுமில்ல. நாலு பேர் வாற இடம். வெறும் பிளேன்டீயக் குடுத்தா நல்லாவா இரிக்கும்?"

புதுச் சேர்ட் போட்டிருந்தார். கடையில் மடித்த மடிப்புக் கூட இன்னும் கலையவில்லை. தாடியைக் கத்தரித்து, தொப்பியை நீலம் போட்டுத் தோய்த்து வந்திருந்தார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் எங்கள் குடிக்கு மரைக்கார் தெரிவு. அது காக்காதான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அதைச் சொல்லாத ஒரே ஆள் காக்கா.

குடி குசினியில் இருக்கிறது

வேறு ஊர்களில் இருந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் சோனகர் ஊர்களில், ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய் வழியாக வருவது. என் உம்மாவின் குடிதான் என் குடி. என் பிள்ளைகளுக்கும் அதே. ஆனால் என் கூடப் பிறந்த காக்காவின் பிள்ளைகள் மதினியின் குடி. ஆம்பிளைகள் பள்ளிவாசலில் முன் வரிசையில் இருக்கலாம், குடி என்னவோ எங்களோடு குசினியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு குடியும் தனக்கென்று ஒரு மரைக்காரைத் தெரிவு செய்து பள்ளிவாசலுக்கு அனுப்பும். எல்லாக் குடி மரைக்கார்மாரும் சேர்ந்ததுதான் பள்ளி நிர்வாகம். தலைவரும் அவர்களுக்குள்ளிருந்துதான் வருவார். குடியில் ஒரு கலியாணம் என்றால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மரைக்கார் இருக்க வேண்டும். ஒரு சாவு, மௌத்து என்றால் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். புருஷன் பெண்சாதி சண்டை, மதில் சண்டை, மாடு வேலி பாய்ந்த சண்டை எல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும்.

எங்கள் குடியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த இதழ் கடைக்கு வந்த அன்றைக்கே நாலு பேர் என் வாசலில் நிற்பார்கள்.

கூட்டம் ஏன் என் வீட்டில் என்றால், அது உம்மாவின் வீடு. சீதனமாக எனக்கு வந்தது. காக்கா ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு மதினியின் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் அவருக்குக் கஷ்டமும் தொடங்கியது.

சைக்கிள் மருமகன்

மதினியின் வாப்பா ஒரு போடியார். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல், மாடு, உழவு மெஷின் எல்லாம் இருந்தது. மூத்த மருமகன் பள்ளிக்கூட வாத்தியார், அடுத்தவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். எங்கள் காக்காவுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கெட்ட மனிதர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். ஆனால் காக்கா அங்கே வாயைத் திறந்தால் அது முடியும் முன் வேறொருவர் கதைக்கத் தொடங்கிவிடுவார். அவர் வந்தால் யாரும் எழும்புவதில்லை. பின்னால் "சைக்கிள் மருமகன்" என்று சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

முன்னைய மரைக்கார் எங்கள் மாமா, உம்மாவின் தம்பி. மாமா போன இடமெல்லாம் காக்காவும் பின்னால் போவார். சண்டையை எப்படி ஆற விடுவது, யாரிடம் முதலில் கதைப்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாமா மௌத்தான பிறகு ஒரே ஒரு தரம் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்.

"மாமா இருந்த இடத்துல நானும் ஒருக்கா இரிக்கணும் புள்ள. எனக்கு வேறொண்டும் வேணா."

வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் பதவியைக் கேட்டு வாங்குவது வெட்கங்கெட்ட வேலை. பெயரைச் சொன்னதும் தலையாட்டுகிறவன் பதவிக்கு அலைகிறவன். பெயர் வந்தால் வேணா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேணா என்று சொல்ல வேண்டும். கடைசியில் "இவ்வளவு பேர் சொல்றீங்க, நான் என்ன செய்ய" என்று தலையைக் குனிய வேண்டும். எங்கள் மாமா பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மறுத்துக்கொண்டிருந்தாராம். காக்கா அதைப் பெருமையாகச் சொல்லுவார்.

இரண்டு கையும் தூக்கிய கதை

இந்த இடத்தில் நான் கண்ட, கேட்ட வேறு தெரிவுகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு முறை இரண்டு பேர் தலைவருக்கு நின்றார்கள். கையைத் தூக்கி வாக்களிக்கச் சொன்னார் வந்திருந்த அதிகாரி. முதல் ஆளுக்குச் சபை முழுக்கக் கை தூக்கியது. இரண்டாவது ஆளுக்கும் சபை முழுக்கத் தூக்கியது. அதிகாரி கோபப்பட்டார். என் வீட்டுக்காரர் எழும்பிச் சொன்னாராம்: "ஐயா, ரெண்டு பேரும் எங்களுக்கு மச்சான்மார். ஒராளுக்குத் தூக்கி மத்தவருக்குத் தூக்காம நாங்க ஊட்ட போய்ச் சேரேலுமா?"

மாதர் சங்கத்தில் நான் தனாதிகாரி ஆனது அதைவிட அழகு. படிப்பைப் பார்த்தோ நாணயத்தைப் பார்த்தோ என்னைப் போடவில்லை. பூட்டுள்ள அலுமாரி எங்கள் ஒழுங்கையில் என்னிடம்தான் இருந்தது. அலுமாரியைத் தெரிவு செய்தார்கள், அதோடு சேர்ந்து நானும் போனேன்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

அடுத்த பெயர்

அந்த நாட்களில் பள்ளி நிர்வாகங்களை ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று கொழும்பில் இருந்து அறிவித்தல் வந்திருந்தது. அதனால் கூட்டத்தை நடத்த மாஸ்டர் மாமாவைப் பிடித்தார்கள். அவரும் எங்கள் குடிதான், உம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாழ்க்கையில் பெரும் பகுதியை மலைநாட்டில், பதுளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அதிபராகக் கழித்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்று வந்திருந்தார். நேர்மையான மனிதர். முன்மொழிவு, வழிமொழிவு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஊரின் நெளிவு சுளிவுகள்தான் மறந்து போயிருந்தன.

அவர் கதிரையில் இருந்தார், முன்னால் மேசை, கொப்பி, பேனை. மற்றவர்கள் பாயில். நாங்கள் பெண்கள் அறை வாசலில் தொங்கவிட்ட சீலைக்குப் பின்னால். வெற்றிலை வட்டா கை மாறி மாறிப் போனது.

ஒருவர் காக்காவின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் வழிமொழிந்தார்.

"ஆதம்பாவா, உங்களுக்குச் சம்மதமா?" என்று மாஸ்டர் மாமா கேட்டார்.

"எனக்கு வேணா மாமா," என்றார் காக்கா. குரலில் என்ன பணிவு. "என்னய விடத் தகுதியான ஆக்கள் எவ்வளவோ பேர் இரிக்காங்க. வேற ஒராளப் பாருங்க."

"நல்லது. விருப்பமில்லாதவர வற்புறுத்தப்படாது," என்றார் மாஸ்டர் மாமா. ஒரு கோடு இழுத்துப் பெயரை வெட்டினார். "அடுத்த பெயர்?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அவர் மாமா, மீதிப் பேருக்கு மூத்தவர். நீங்கள் பிழை செய்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? ஒருவர் சொல்வார் என்று மற்றவர் இருந்தார். காக்காவின் முகத்தைச் சீலை இடுக்கால் பார்த்தேன். அடுத்த மறுப்புக்காக ஆயத்தம் செய்து வைத்திருந்த சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் யாரோ ஒருவர், சும்மா இருக்க முடியாமல், "கலந்தர்" என்றார்.

கலந்தர் கரைவலைக்காரர். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, வலை வளைக்க முடியாததால் கூட்டத்துக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து முழு வெற்றிலையையும் வாயில் அடைத்திருந்தார். சம்மதமா என்று மாஸ்டர் மாமா கேட்க, கையால் வாயைக் காட்டிவிட்டு வெளியே துப்புவதற்குப் படிக்கத்தைத் தேடி ஓடினார்.

"மறுப்பு இல்ல," என்றார் மாஸ்டர் மாமா. "சலவாத்துச் சொல்லுங்க."

எல்லாரும் நபி மேல் சலவாத்துச் சொன்னார்கள். சொன்னால் முடிந்தது, அதற்கு மேல் மாற்றுவது எங்கள் ஊரில் இல்லை. கலந்தர் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன, முடிஞ்சிதா? ஆரு?"

"நீதான்."

அந்த மனிதன் அப்படியே வாசலில் நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காக்கா எழும்பி வந்தார், நான் குசினியில் இருந்து எடுத்து வந்த தொதல் தட்டத்தை வாங்கினார், முதல் துண்டைக் கலந்தருக்குக் கொடுத்தார்.

"நல்ல பதம். ஆரு கிண்டின?" என்று கலந்தர் கேட்டார்.

"எங்கட ஊட்டுல," என்றார் காக்கா.

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாட்டில் அழுதேன்.

மரைக்கார் கடலில்

அடுத்த நாளே கலந்தர் காக்காவின் கடைக்குப் போயிருக்கிறார். "நான் கடலோட கிடக்கிற ஆள். எனக்கு இது ஏலா. நீங்க பாருங்க காக்கா," என்றாராம். காக்காவும் பார்த்தார். வருடக் கணக்கில் பார்த்தார்.

ஒரே கிணற்றைப் பாவித்த இரண்டு சகோதரிகள் வாளியால் அடித்துக்கொண்டார்கள். காக்கா ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு அக்காவின் வீட்டில் போய்த் தேத்தண்ணீர் குடிப்பார், தங்கையின் வீட்டில் போய் வெற்றிலை போடுவார், ஒன்றும் கதைக்காமல் வருவார். இப்படி நாளும் பொழுதும் ஒரு மனிதன் வந்து சும்மா இருந்தால் யாருக்குத்தான் வெட்கம் வராது? அவர்களாகவே சமாதானம் ஆனார்கள்.

வேலை காக்காவுடையது, கதிரை கலந்தருடையது. கலந்தர் கெட்டவர் இல்லை, அவருக்கே அது முள்ளாக இருந்தது. ஆனால் பெயர் பெயர்தானே. மதினியின் வீட்டில் காக்கா இன்னும் சைக்கிள் மருமகன்தான்.

என் மகளின் கலியாணத்தில் அது எனக்கு நன்றாக உறைத்தது. மாப்பிள்ளை பார்த்தது காக்கா, பேசி முடித்தது காக்கா, பந்தல் போட்டது காக்கா. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அவர்கள் பக்கத்து மரைக்கார், "உங்கட மரைக்கார் எங்க?" என்று கேட்டார். காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கலந்தரைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த ஆள் மீன் வாசத்தோடு என் வளவில் நின்று சாரன் மாற்றி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தார். காக்கா தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகளுக்குக் கை கழுவ ஊற்றினார். போடியாரும் மற்ற மருமகன்மாரும் அவர் ஊற்றிய தண்ணீரில்தான் கை கழுவினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் கலியாணம் முடிந்த பிறகு மாஸ்டர் மாமாவிடம் வாயைத் திறந்தேன்.

"புள்ள, அண்டைக்கு நான் பிழையா விட்ட?" என்று கேட்டார் அவர். திடுக்கிட்டுத்தான் போனார்.

"ஓம் மாமா."

"அவர்தானே வேணா எண்டு சொன்ன?"

"வேணுமெண்டாத்தான் மாமா வேணா எண்டு சொல்ற."

"அப்ப உண்மையா வேணாமெண்டா என்ன சொல்ற?"

"அதுக்கும் வேணா எண்டுதான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு பிள்ளைகளுக்கு என்னென்னவோ படிப்பிச்சன். இது எனக்கு விளங்குதில்ல," என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமும் அதோடு போய்விட்டது.

மறுபடியும் அதே பாய்கள்

எண்பதுகள் பிறந்து கொஞ்சக் காலம். கலந்தர் ஒரே பிடியாக நின்றார், இனித் தன்னால் முடியாது என்று. மறுபடியும் என் வீட்டில் பாய் விரித்தோம்.

இந்த முறை காக்கா பழைய சேர்ட்டோடு வந்தார். விரலில் சைக்கிள் கிறீஸ். குசினிக்குள் வந்து தண்ணீர் கேட்டார்.

"காக்கா, இண்டைக்கு ஓம் எண்டு சொல்லுங்க," என்றேன்.

"எப்பிடிப் புள்ள சொல்ற? வெக்கமில்லையா?"

"போன முறை பட்டது போதாதா?"

"அது முடிஞ்சி போச்சி. எனக்கு இப்ப அந்த எண்ணமும் இல்ல." தண்ணீரை முழுக்கக் குடிக்காமல் செம்பை வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்கிறாரா, மனம் புண்பட்டுச் சொல்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. கூடப் பிறந்த எனக்கே தெரியாதென்றால் மாஸ்டர் மாமாவுக்கு எப்படித் தெரியும்?

பெயர் சொல்லப்பட்டது. வழிமொழியப்பட்டது.

"சம்மதமா?" என்று மாஸ்டர் மாமா பயந்து பயந்து கேட்டார்.

"வேணா மாமா."

"இல்ல, யோசிச்சிச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் விரும்புறம்."

"எனக்கு ஏலா மாமா. என்னய விடுங்க."

குரலில் பழைய பணிவு இல்லை. வறண்டு போயிருந்தது. மாஸ்டர் மாமா நாலு பக்கமும் பார்த்தார். எத்தனையாவது மறுப்பு மரியாதைக்கு, எத்தனையாவது உண்மைக்கு என்று அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்? ஒரு மூலையில் இருந்து யாரோ, "அவருக்கு மனமில்லப் போல, விட்டிருவம்," என்றார். பேனை கொப்பிக்கு மேல் போனது.

"மாமா, வெட்டாதீங்க," என்றேன்.

என் குரல்தான். எப்படி வந்ததென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிச் சீலையைப் பார்த்தது. எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒரு பெண் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பொம்பளையள் என்னத்துக்கு இதுக்குள்ள?" என்று ஒரு குரல் கேட்டது.

"அவட ஊடு, அவட குடி. கதைக்கட்டும்," என்றார் கலந்தர்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"காக்கா, உங்களுக்கு உண்மையா வேணாமெண்டா எழும்பி வெளிய போங்க. ஒராளும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. வேணுமெண்டா வாயத் திறக்க வேணா. சும்மா இருங்க."

காக்கா தலையைத் தூக்கவில்லை. வலது கையைப் பாயில் ஊன்றினார். எழும்பப் போகிறவர் ஊன்றுகிற மாதிரி. கையில் பாரம் கொடுத்தது எனக்கு இடுக்கால் தெரிந்தது. எழும்பிப் போனால் என் வாயால்தான் போகிறார். அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒழுங்கையில் ஒரு மாட்டு வண்டி போய் முடியும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

காக்கா கையை எடுத்தார். சாரனைச் சரி செய்துகொண்டு, இரண்டு காலையும் மடித்து நன்றாகச் சம்மணம் போட்டு இருந்தார்.

"சலவாத்துச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர் மாமா.

அத்தனை ஆம்பிளைகளும் ஒன்றாகச் சொன்ன சலவாத்துக்குள்ளே ஒரு குரல் மட்டும் இடையிடையே அறுந்து போய், மறுபடி சேர்ந்துகொண்டது. அது காக்காவின் குரல்.